மோன வழிபாடும் தனித்திருப்பாரும்: குவேக்கர் நெறியில் ஓர் ஆராய்ச்சி

மேனாட்டுச் சமயங்களை ஆராயப் புகுவார் பலரும் அவற்றின் கோயில், குருமார், மறைநூல், சடங்கு என்னும் நான்கினையே முதற்கண் நோக்குவர். இவற்றுள் ஒன்றனையும் இன்றியமையாததெனக் கொள்ளாது, பலர் ஒருங்குகூடி வாய்வாளாது அமர்ந்திருத்தலையே வழிபாடாகக் கொண்டொழுகும் ஒருசாரார் பதினேழாம் நூற்றாண்டில் ஆங்கில நாட்டின்கண் தோன்றினர். அவர் தம்மை நண்பர் என்று வழங்குவர். பிறர் அவரைக் குவேக்கர் என்பர். அவருள்ளும் தாராள நெறியினர் எனப்படுவார் இன்னது நம்புதல் வேண்டும் என்னும் கோட்பாட்டுக் கட்டுப்பாட்டையும் நீக்கியவராவர். இந்நெறியை நூல்வாயிலாக அறிந்து அதன்கண் உள்ளம் பற்றிய ஒருவர், தம் ஊரிலும் அண்மையிலும் அவர்தம் கூட்டம் யாதும் இல்லாதவிடத்து யாது செய்தல் கூடும்? அவர் தனித்திருந்து செய்யும் மோனம் வழிபாடாகுமோ, ஆகாதோ? இவ்வினாவே ஈண்டு ஆராயப்படுகின்றது. அடியார் இணக்கத்தின் பெருமையை நன்குணர்ந்த நம் வாசகர்க்கு இஃது அயலாரைப் பற்றிய வினாவாயினும் புதிய வினாவன்று.

மோனம் என்னுஞ் சொல்லை ஈண்டு, வாய்பேசாது உள்ளத்தைத் திறந்து காத்திருத்தல் என்னும் அளவிற்கே கொள்க. நம் நூல்கள் கூறும் மோன நிலையோடு இதனை ஒன்றாக்கி மயங்குதல் இரண்டற்கும் இழுக்காகும். ஒவ்வொருவர் கொள்கையையும் அவரவர் கூறுமாறே முதற்கண் உணர்தல் ஆராய்ச்சி செய்வார்க்குக் கடனாம்.

1. தோற்றம்

இச்சங்கத்திற்கு முதல்வர் ஜார்ஜ் ஃபாக்ஸ் என்பவர். இவர் 1624-ஆம் ஆண்டில் லெஸ்டர்ஷயரிலுள்ள ஃபென்னி டிரேட்டன் என்னுஞ் சிற்றூரில் நெசவுத்தொழில் செய்வார் ஒருவர்க்கு மகனாகப் பிறந்தார். இளமையிற் செருப்புத் தைப்பார் ஒருவரிடம் தொழில் பயின்றார். உள்நாட்டுப்போர் நிகழ்ந்துகொண்டிருந்த 1643-ஆம் ஆண்டில் வீட்டைவிட்டு நீங்கிப் பாதிரிமார் பலரையும் அடுத்துத் தம் உளக்கலக்கத்திற்கு மருந்து யாதென வினாவினார். எவர் விடையும் அவர்க்கு அமைதி தரவில்லை. நான்காண்டு தனித்துத் திரிந்த பின்னர், 1647-இல், புறத்தே எவரும் தமக்கு உதவார் என்று கைவிட்ட அந்நிலையிலேயே கிறித்து உள்ளிருந்து உணர்த்துவதைத் தாம் நேரே உணர்ந்ததாகக் கூறினார். கற்றார்க்கும் கல்லார்க்கும் ஆடவர்க்கும் பெண்டிர்க்கும் அவ்வுள்ளொளி ஒப்பவுளது என்பதே பின்னர் அவர் ஊர்தோறுஞ் சென்று உரைத்த பொருளாகும்.

1650-இல் டார்பி நகரில் அவரை விசாரணை செய்த நீதிபதியிடம், கடவுளின் மொழிக்கு நடுங்குமின் என்று ஃபாக்ஸ் கூற, அந்நீதிபதி 'நடுங்குவார்' என்னும் பொருளில் குவேக்கர் என்று எள்ளி வழங்கினார். இகழ்ச்சியாக வந்த அப்பெயரே நிலைத்தது. 1652-இல் அவர் வடநாட்டு வெஸ்ட்மர்லாந்துப் பகுதிக்குச் சென்றபொழுது, திருச்சபையை விட்டு நீங்கித் தேடுவார் என்னும் பெயருடன் ஆங்காங்குக் கூடியிருந்த மக்களைக் கண்டார். ஃபர்பேங்கு ஃபெல் என்னுங் குன்றின்மீது ஆயிரவர் அளவினர் அவர் உரையைக் கேட்டனர் என்ப. அப்பகுதிக்கு அணித்தாகிய சுவார்த்மூர் மாளிகையின் தலைவியார் மார்கரெட் ஃபெல் என்பவரும் உடன்பட்டார். அம்மாளிகை சங்கத்திற்கு நடுவிடமாயிற்று. எனவே ஃபாக்ஸின் உணர்ச்சி தனிமையிற் பிறந்ததாயினும், சங்கம் பிறந்தது கூட்டத்திலேயாம் என்பதை ஈண்டு மனங்கொள்க.

2. வழிபாட்டின் இயல்பு

இவர்தம் வழிபாட்டுக்கூடம் அணியும் உருவமும் இன்றி எளிமையாக இருக்கும். இருக்கைகள் ஒருவரையொருவர் நோக்குமாறு வட்டமாகவேனும் சதுரமாகவேனும் இடப்பெறும். நடுவே ஒரு மேசையும் அதன்மேற் சில நூல்களும் வைத்தலுண்டு. வருவார் ஒவ்வொருவராக வந்து அமர்வர். முதற்கண் ஒருவர் அமர்ந்தபொழுதே வழிபாடு தொடங்கிற்றென்று கொள்வர். தொடக்கவுரையில்லை, பாட்டில்லை, நடத்தும் பாதிரியில்லை. ஞானமுழுக்கு, திருவிருந்து என்னுங் கிறித்தவச் சடங்குகள் இரண்டனையும் புறத்தே செய்தலில்லை. பெரும்பான்மையும் ஒருமணி நேரம் இங்ஙனங் கழியும்.

அவருள் எவர்க்கேனும் உள்ளிருந்து ஒருசொல் எழுந்து தம்மைப் பேசுமாறு உந்துமாயின், அவர் எழுந்து சுருங்கக் கூறி அமர்வர். எழுவதன்முன், 'இச்சொல் எனக்கே உரியதோ, எல்லார்க்கும் உரியதோ? என் அறிவைக் காட்டும் வேட்கை இதன்கண் உளதோ?' என்று தம்மைத் தாமே வினாவிக்கொள்ளுதல் வேண்டும். ஒருவர் பேசிய பின்னர்ப் பிறரும் சிறிதுபொழுது மோனத்தில் இருந்தபின்னரே வேறொருவர் பேசுதல் முறை. மறுத்துரைத்து வாதம் புரிதல் வழக்கன்று. யாரும் பேசாமலே வழிபாடு முடிதலுமுண்டு; அது குறையாகாது. இறுதியில் மூத்தோர் இருவர் கைகுலுக்க, அது முடிவுக்கு அடையாளமாம்.

சங்கத்தின் காரியங்களை ஆராயுங் கூட்டமும் இம்மோனத்திலேயே நிகழும். அங்கு வாக்கெடுத்துப் பெரும்பான்மை காணுதலில்லை. எழுத்தர் என்பார் கூட்டத்தின் உள்ளக்கிடக்கையை உணர்ந்து ஒரு குறிப்பெழுதி அங்கேயே படிப்பர். அனைவரும் இசைந்தால் அது முடிவாகும். இசையாவிடின் காரியம் வேறொரு நாளைக்கு ஒத்திவைக்கப்படும்.

3. கிளைகளும் தாராள நெறியும்

குவேக்கர் எனப்படுவார் அனைவரும் இங்ஙனமே வழிபடுவர் என்று கருதுதல் தவறாகும். அமெரிக்காவில் 1827-ஆம் ஆண்டில் உள்ளொளியை முதன்மையாகக் கொண்டாரும் மறைநூலையும் கிறித்துவின் பலியையும் முதன்மையாகக் கொண்டாரும் இருபாற் பிரிந்தனர். அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியானா, அயோவா முதலிய நாட்டுப்பகுதிகளில் பாதிரியும் பாட்டும் பிரசங்கமும் அமைந்த வழிபாட்டைக் குவேக்கர் பலர் மேற்கொண்டனர். அன்னார் அனுப்பிய தொண்டர் 1902-இல் கென்யா நாட்டுக் கைமோசியில் பணி தொடங்கினர். இன்று குவேக்கர் தொகை மிக்குள்ள நாடு கென்யாவேயாம். உலகமெங்கும் ஏறத்தாழ நான்கு இலட்சத்தவராகிய குவேக்கருள், முன்வகுத்த நிகழ்ச்சிமுறை யாதுமின்றி மோனமாகவே வழிபடுவார் பத்தில் ஒருகூற்றளவினரே.

ஆங்கில நாட்டில் மோன வழிபாடு கைவிடப்படவில்லை. ஆயினும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதி அங்கும் மறைநூற் பற்றே மேலோங்கி நின்றது. 1895-இல் மான்செஸ்டர் நகரிற் கூடிய மாநாடு அந்நிலையை மாற்றியது. அறிவியல் ஆராய்ச்சிக்கும் மறைநூலாராய்ச்சிக்கும் அஞ்சவேண்டா என்றும், சமயத்தின் அடிப்படை அவரவர் உள்ளத்து நேருணர்ச்சியே என்றும் அதன்கண் இளையார் பலர் வற்புறுத்தினர். ஜான் வில்ஹெல்ம் ரவுன்றி என்பாரும் அமெரிக்கப் பேராசிரியர் ரூஃபஸ் ஜோன்ஸ் (1863–1948) என்பாரும் இம்மாற்றத்திற்குத் துணையாயினர். 1903-இல் பர்மிங்காமிற் சாக்கலேட் வாணிகராகிய ஜார்ஜ் காட்பரி தம் பழைய இல்லத்தை வழங்க, வுட்புரூக்கு என்னுங் கல்விநிலையம் தோன்றியது. இதுவே தாராள நெறி எனப்படுவதன் வரலாற்றுச் சுருக்கம். இன்று இக்கிளையின்கண் கிறித்துவை வழிபடுவாரும், எல்லாச் சமயத்தும் ஒளி உண்டென்பாரும், கடவுள் என்னுஞ் சொல்லையே வழங்காதாரும் ஒருங்கமர்ந்திருத்தலைக் காணலாம்.

இதனால், தாராள நெறியை விழைந்த ஒருவர்க்கு அண்மையில் குவேக்கர் என்னும் பெயருடைய சபை ஒன்றிருப்பினும், அது பாதிரி நடத்தும் சபையாதல் கூடும். பெயர் ஒன்றாயிருந்தும் தாம் நாடிய மோனம் அங்கு இல்லாமையின், அவர் தனித்திருப்பாரே ஆகின்றார்.

4. கூட்டம் எற்றுக்கு?

உள்ளொளி ஒவ்வொருவர்மாட்டும் உளதாயின், அதனைக் காண்டற்குப் பிறர் துணை எற்றுக்கு? வீட்டின் ஒருபுறத்தே அமர்ந்து கண்டுகொள்ளலாமன்றோ எனின், இத்தடை வலியுடைத்து. இதற்கு விடையை அவர்தம் நூற்கூற்றினும் வரலாறே தெளிவாகக் காட்டுகின்றது.

1664-இல் ஆங்கிலப் பார்லிமெண்டு ஒரு சட்டம் செய்தது. நாட்டுத் திருச்சபை வழியன்றி வேறு வழியில் வழிபடும்பொருட்டு, ஒருவீட்டாரொழிய அயலார் ஐவரோ அதற்கு மேற்பட்டாரோ ஓரிடத்துக் கூடின் அது குற்றமாம் என்பது அச்சட்டம். எனவே, தனித்திருந்து வழிபட்டாரை அது தீண்டவில்லை. நால்வர் கூடினும் தீண்டவில்லை. உள்ளொளிக்குத் தனிமையே போதுமாயின் குவேக்கர் இச்சட்டத்தினுள்ளேயே எளிதாக வாழ்ந்திருக்கலாம். அவர் அங்ஙனஞ் செய்திலர். கதவைத் திறந்துவைத்துப் பகலிற் கூடினர். சிறைக்கு இழுத்துச்சென்றால் மீண்டுவந்து கூடினர். 1682-இல் பிரிஸ்டல் நகரிற் பெரியோர் பலருஞ் சிறைப்பட்டபொழுது, அவர்தம் சிறார் தாமே கூடி அமர்ந்து வழிபாட்டை இடையறாது காத்தனர். அடியும் வசையும் அச்சிறார்க்கு நேர்ந்தன. 1689-இற் பொறுமைச்சட்டம் வரும்வரையும் இத்துன்பம் முற்றும் நீங்கவில்லை. தனித்து வழிபடுதற்குத் தடையில்லாத நாளிற் கூடிவழிபடுதற்காகச் சிறைபுகுந்தார் என்பதனால், கூட்டம் அவர்க்கு வசதியன்று, உயிர்நிலையே என்பது பெறப்படும்.

அங்ஙனம் உயிர்நிலையாதற்குக் காரணம் மூன்று கூறலாம்.

முதலாவது, ஆழம். ராபர்ட் பார்க்கிளே என்னும் அறிஞர் 1676-இல் இலத்தீன் மொழியில் வெளியிட்ட விளக்கநூலில், ஓரிடத்தே ஏற்றிய விளக்குகள் பல ஒளியால் ஒன்றையொன்று மிகுவித்தலை இக்கூட்டத்திற்கு உவமையாக்கினார். அலைந்து திரியும் ஒருவர் உள்ளம் அருகிருப்பார் அமைதியால் தானும் அமைகின்றது என்பது அவர்தம் அனுபவம்.

இரண்டாவது, சோதனை. உள்ளிருந்து எழும் உந்துதல் அனைத்தும் ஒளியினின்றே எழுவனவல்ல. ஆசையும் அச்சமும் செருக்கும் அவ்வொளியின் குரலையே மேற்கொண்டு பேசும். ஜேம்ஸ் நெய்லர் என்பவர் ஃபாக்ஸோடு ஒப்பவைத்து மதிக்கப்பட்ட சொல்வல்லார். 1656-ஆம் ஆண்டில் அவர் குதிரைமீதேறி, அன்பர் சிலர் துதிபாடச் சூழ, எருசலேமிற் கிறித்து புகுந்தாற்போலப் பிரிஸ்டல் நகரிற் புகுந்தார். தம்முள்ளிருக்கும் கிறித்துவைக் குறிக்கும் அடையாளம் அது என்பது அவர் கருத்து. பார்லிமெண்டு அதனைக் கடவுட்பழி என்று கொண்டு, அவரைக் கசையால் அடித்தும் நாவைப் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் துளைத்தும் நெற்றியிற் சூடிட்டும் சிறையிலிட்டது. ஒறுப்பின் கொடுமையை எவரும் ஒப்பார். எனினும், ஒருவர் தம் உந்துதலை உடனிருப்பார் ஆராய்ச்சிக்கு உட்படுத்தாவிடின் விளைவது யாதென்பதைக் குவேக்கர் இந்நிகழ்ச்சியால் உணர்ந்தனர். அவ்வுணர்ச்சியும், அரசினர் ஒறுப்பைத் தாங்கவேண்டிய நிலையுமே, 1660-களின் பிற்பகுதியில் ஃபாக்ஸ் நாடெங்கும் மாதக் கூட்டங்களை நிறுவுதற்குக் காரணமாயின.

மூன்றாவது, தாங்குதல். நோயுற்றார், வறியர், சிறைப்பட்டார் குடும்பத்தார் ஆகியோரைக் காத்தல் அம்மாதக் கூட்டங்களின் முதற்பணிகளுள் ஒன்றாயிருந்தது. மோனம் நாடித் தனித்திருப்பார் பெரும்பாலும் மறந்துவிடுவது இதனையே.

தாராள நெறியினர்க்கு இக்காரணங்கள் பின்னும் வலிமை பெறுகின்றன. ஏனைச் சமயத்தார் ஒருவர் தம் கூட்டத்தைப் பிரிந்து நெடுந்தொலைவு செல்லினும், நம்பிக்கைத் தொகுப்பும் மறைநூலும் சடங்கும் அவருடன் செல்லும். அவற்றைப் பற்றிக்கொண்டு நிற்கலாம். தாராளக் குவேக்கரோ குருவை நீக்கினார், சடங்கை நீக்கினார், கோட்பாட்டையும் நீக்கினார். எஞ்சி நிற்பது கூடியிருந்து காத்திருத்தல் ஒன்றே. அவ்வொன்றும் இல்லையாயின் பற்றுக்கோடு யாது? ஆகலின் கூட்டமிழத்தல் பிறர்க்கு ஓரிழப்பாயின் இவர்க்குப் பேரிழப்பாம்.

5. கூட்டமும் பிழைபடுமன்றோ?

அற்றேல், கூட்டத்தார் கூறுவதெல்லாம் மெய்யென்று கொள்ளலாமோ எனின், அதுவும் ஆகாது. பெஞ்சமின் லே என்பவர் குள்ளமான உடலினர். முன்னர்க் கடலோடியாக இருந்தவர். பார்பேடோசுத் தீவில் அடிமைகள் படுந்துயரை நேரிற் கண்டவர். பென்சில்வேனியாவிற் குடிபுகுந்த இவர், குவேக்கர் பலரே அடிமைகளை வைத்திருத்தல் கண்டு பொறாது கூட்டந்தோறும் கடிந்துரைத்தார். 1738-இல் சங்கத்தார் அவரைத் தம்மவரல்லர் என்று விலக்கினர். அவர் ஆபிங்டன் என்னும் ஊரருகே குகைபோன்றதோர் இருப்பிடத்தில் வாழ்ந்தார். 1758-இற் பிலடெல்பியா ஆண்டுக்கூட்டம் அடிமை வாணிகத்தில் ஈடுபடும் உறுப்பினரைக் கண்டிக்கத் துணிந்தது. அச்செய்தியைக் கேட்டபின்னரே 1759-இல் லே இறந்தார். 1776-இல் அவ்வாண்டுக்கூட்டம் அடிமைகளை விடுவியாத உறுப்பினரை விலக்கத் துணிந்தது. லேயை மீண்டுந் தம்மவராக ஆபிங்டன் கூட்டத்தார் ஏற்று அவர் நினைவைப் போற்றியது 2018-ஆம் ஆண்டிலேயாம். ஒருவர் மெய்கண்டிருக்கக் கூட்டமே கண்மூடியிருத்தல் கூடும் என்பதற்கு இதனின் மிக்க சான்று வேண்டா.

ஆயினும் இதனுள் உற்றுநோக்கத்தக்கது ஒன்றுளது. விலக்கப்பட்ட பின்னரும் லே வழிபாட்டிற்குச் செல்லுதலை நிறுத்தினாரல்லர். குகையுள் இருந்துகொண்டு, 'என் ஒளி எனக்குப் போதும்' என்று அமைந்திருப்பின், அவர் கண்ட உண்மை அவரோடே மாய்ந்திருக்கும். அதே காலத்து ஜான் உல்மன் (1720–1772) என்பார் மற்றொரு வழியைக் கைக்கொண்டார். அடிமை முறைக்கு எதிராக 1746-ஆம் ஆண்டளவில் எழுதிய கட்டுரையை அவர் உடனே வெளியிடாது பல்லாண்டு வைத்திருந்து, சங்கத்தார் ஆராய்ந்து இசைந்த பின்னர் 1754-இல் வெளியிட்டார். அடிமையுடையாரை வீடுதோறுஞ் சென்று கண்டு அமைதியாக உரையாடினார். ஒருவர் இடித்துரைத்தார், ஒருவர் பொறுத்துரைத்தார், இருவரும் கூட்டத்தை நோக்கியே உரைத்தனர். எனவே கூட்டம் ஒருவரைத் திருத்துதலேயன்றி, ஒருவர் கூட்டத்தைத் திருத்துதலும் உண்டு. இவ்விரண்டும் நிகழ்தற்கு இருபாலாரும் ஒருவரையொருவர் பொறுத்து ஓரிடத்திருத்தல் வேண்டும்.

6. தொலைவிலிருந்தார் வரலாறு

அங்ஙனமாயின், கூட்டமே இல்லாதவிடத்திருப்பார் கதி யாதெனின், அதற்கும் வரலாறு விடையளிக்கின்றது.

தென்பிரான்சு நாட்டில் நீம் நகர்க்கு அணித்தாகிய கான்ழேனீ என்னும் ஊரிலும் அதன் சுற்றிலும், பதினெட்டாம் நூற்றாண்டிற் கத்தோலிக்க அரசின் ஒறுப்பிற்கு ஆளாயிருந்த புரோட்டஸ்டண்டு மக்களுள் ஒருசிறு குழுவினர், படையெடுத்தலை வெறுத்து, உள்ளுணர்வையே வழிகாட்டியாகக் கொண்டு கூடி வழிபட்டு வந்தனர். ஆங்கிலக் குவேக்கரோடு அவர்க்குத் தொடர்பில்லை. 1785-இல் ஃபால்மத்து ஊரினராகிய ஜோசப் ஃபாக்ஸ் என்னுங் குவேக்க மருத்துவர், தம் விருப்பத்திற்கு மாறாகத் தம் பங்குக் கப்பல்கள் போரிற் கவர்ந்த பிரெஞ்சுப் பொருளின் விலையை உரியவர்க்கே திருப்பித்தர எண்ணி, தம் மகனாரைப் பாரிசுக்கு அனுப்பிச் செய்தித்தாளில் அறிவிப்பு வெளியிடச் செய்தார். போரிற் பெற்ற பொருளை வேண்டா என்று திருப்பித்தரும் இம்மக்கள் யாவர் என்று வியந்து கான்ழேனீயார் தொடர்புகொண்டனர். 1788-இல் ஆங்கில, அமெரிக்க நண்பர்கள் அவ்வூர்க்கு வந்தனர்; 1822-இல் அங்கே ஒரு வழிபாட்டுக்கூடம் எழுந்தது. தனித்திருந்தார் தம்மினத்தாரைக் கண்டறிந்தது நூலினாலன்று, ஒரு நேர்மையான செயலினால் என்பது போற்றத்தக்கது.

நார்வே நாட்டு வரலாறு வேறுவகையது. 1807 முதல் 1814 வரை நிகழ்ந்த போரில் ஆங்கிலேயராற் பிடிக்கப்பட்ட நார்வே மாலுமிகள் பலர் சிறைக்கப்பல்களில் அடைக்கப்பட்டிருந்தனர். அவருட் சிலர் பார்க்கிளேயின் நூலை டேனிய மொழியிற் படித்து, அச்சிறையிலேயே மோனமாகக் கூடத் தொடங்கினர். ஆங்கில நண்பர்கள் சென்று அவரைக் கண்டு துணைபுரிந்தனர். போர் முடிந்து தாய்நாடு திரும்பிய அச்சிலரே 1818-இல் ஸ்டவாங்கர் நகரிற் சங்கத்தை நிறுவினர்.

இந்தியாவிலும் குவேக்கர் சிதறியே வாழ்ந்தனர். 1928-இல் சென்னைக்கு ஆசிரியையாக வந்து தமிழ் பயின்று, பிற்காலத்தில் நீலகிரிக் கோத்தகிரியில் நெடுநாள் வாழ்ந்த மார்ஜரி சைக்ஸ் அம்மையார் (1905–1995) அவருள் ஒருவர். இந்நாட்டுக் குவேக்கர் வரலாற்றை அவர் நூலாகவும் எழுதினார்.

இவ்வரலாறுகளான் அறியக்கிடப்பது யாதெனின், குவேக்கர் சங்கம் பலவிடத்தும் கூட்டமில்லாத நிலையிலிருந்தே தோன்றிற்று என்பதாம். குருவும் கோயிலும் வேண்டும் நெறியினர்க்குப் புதியவோரிடத்தில் தொடங்குதல் அரிது. இவர்க்கோ இரண்டு இருக்கையும் ஒருமணிப் பொழுதும் போதும். எதனை நீக்கினமையால் தனித்திருப்பார் பற்றுக்கோடு இழந்தாரோ, அதனை நீக்கினமையாலேயே அவர் எங்கும் தொடங்குதற்கு உரியராயினார்.

7. தனித்திருப்பார் செய்யத்தக்கன

இனி, இக்காலத்தில் அங்ஙனம் இருப்பார்க்கு உரிய வழிகளைக் கூறுவாம்.

முதற்கண், பொழுதும் இடமும் வரையறுத்தல். மனம் விரும்பும்பொழுது அமர்தல் என்பது நாளடைவில் அமராமையாகவே முடியும். பலர் கிழமைதோறும் தமக்கறிந்ததொரு கூட்டம் கூடும் நேரத்தையே தாமுங் கொண்டு, தொலைவிலுள்ளார் இப்பொழுது கூடுகின்றார் என்னும் நினைவோடு அமர்வர்.

இரண்டாவது, வினாக்களுக்கு உட்படுதல். பிரித்தானிய ஆண்டுக்கூட்டம் 1994-இல் இசைந்த அறிவுரையும் வினாவும் அடங்கிய சிறுநூல் 42 பகுதிகளையுடையது. 1682 முதலாக ஆண்டுக்கூட்டம் கீழ்க்கூட்டங்களுக்கு வினா விடுத்து வந்த மரபினின்று வளர்ந்தது அது. கட்டளையிடாது வினாவுதலால், தனித்திருப்பார்க்கு அது கூட்டத்தார் குரலாக நின்று உதவும். தமக்கு இனிய பகுதியை மட்டும் படித்துச் சுடும் பகுதியை விலக்குதல் தனிமையில் எளிதாகலின், முறைப்படி ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்ளுதல் நன்று. உல்மனின் நாட்குறிப்பும் (1774), கரோலின் ஸ்டீபன் அம்மையார் 1890-இல் எழுதிய நூலும், தாமஸ் கெல்லியின் கட்டுரைத் தொகுப்பும் (1941) இவ்வகையில் துணையாவன.

மூன்றாவது, கடிதத் தொடர்பு. ஐசக்கு பெனிங்டன் என்னும் பழைய குவேக்கர் சிறையிலிருந்தே அன்பர்க்கு எழுதிய கடிதங்கள் இன்றும் படிக்கப்படுகின்றன. சங்கத்திற் சேராது நட்புக்கொண்டார்க்கும் தொலைவிலிருப்பார்க்கும் நூல்களை அஞ்சலில் அனுப்புதற்கென்றே ரூஃபஸ் ஜோன்ஸ் 1936-இல் பரந்த குவேக்கர் நட்புக்குழு ஒன்றைத் தொடங்கினார். 1937-இல் தோன்றிய நண்பர் உலக ஆலோசனைக்குழு, பல கிளையினரையும் சிதறியிருப்பாரையும் இணைத்து வந்துள்ளது.

நான்காவது, இணையவழி வழிபாடு. 2020-ஆம் ஆண்டின் கொள்ளைநோய்க் காலத்திற் கூடங்கள் மூடப்பட, கூட்டங்கள் பல திரைவழியே கூடின. நோய் தணிந்த பின்னரும் பல கூட்டங்கள் நேரில் வருவாரையும் திரைவழி வருவாரையும் ஒருங்கு ஏற்கின்றன. வுட்புரூக்கு நிலையமும் 2023-இற் பழைய இல்லத்தைவிட்டு நீங்கி, இணையவழியே பெரிதும் பணிபுரிகின்றது. தனித்திருப்பார்க்கு இது பெருந்துணை என்பதில் ஐயமில்லை. ஆயினும் நாடோறும் வேறு வேறு கூட்டத்தை எட்டிப்பார்த்து, ஒவ்வாத சொல் கேட்டவுடன் விரலால் தொட்டு விலகிப்போதல் திரைவழியில் மிக எளிது. அங்ஙனஞ் செய்வார் பல கூட்டங்களிலும் இருந்தும் ஒருகூட்டத்திலும் இல்லாதவரே. ஒன்றையே தேர்ந்து, அங்குள்ளார் தம்மை அறியவும் தாம் அவரை அறியவும் நெடுங்காலம் தொடர்தலே கூட்டத்தின் பயனைத் தரும்.

ஐந்தாவது, உந்துதலைச் சோதித்தல். தொழிலை விடுதல், நாடு மாறுதல், பொதுக்காரியத்திற் புகுதல் முதலிய பெருஞ்செயல்களில் உள்ளம் உந்துமாயின், தெளிவுக்குழு என்னும் முறை உளது. பொறுக்கப்பெற்ற சிலர் அவரோடு மோனத்தில் அமர்ந்து அறிவுரை கூறாது வினா மட்டும் விடுப்பர். விடை அவர் உள்ளத்தினின்றே வெளிப்படும். கடிதத்தாலோ தொலைபேசியாலோ இத்தகைய துணையை நாடுதல் தனித்திருப்பார்க்கு ஏனையோரினும் மிகத் தேவையாம்.

ஆறாவது, இருவர் மூவரைக் கூட்டுதல். பெரிய கூட்டம் ஒன்றன் மேற்பார்வையில் நிகழும் சிறு குழுவை வழிபாட்டுக்குழு என்பர். அயலார் ஒருவரை அழைத்து ஒருமணி நேரம் தம்மோடு அமைதியாக அமருமாறு வேண்டுதற்கு, அவர் குவேக்கராதல் வேண்டுமென்பதில்லை. கோட்பாட்டில் இசைதலும் வேண்டுமென்பதில்லை. தாராள நெறியின் எளிமை இவ்விடத்திற் பெரிதும் பயன்படும்.

ஆண்டிற்கொருமுறையேனும் நேரிற்கூடும் கூட்டத்திற்குச் செல்லுதலும், இயலின், மிக அண்மையிலுள்ள கூட்டத்தில் உறுப்பினராகும் விருப்பத்தைத் தெரிவித்தலும் இவற்றோடு கூட்டியுணர்க. பிரித்தானியக் கூட்டங்களில் உறுப்பினராக விழைவாரிடம் இருவரை அனுப்பி உரையாடச் செய்து, பின்னர் முடிவுசெய்வது மரபு. எதனை நம்புகின்றீர் என்று பட்டியல் கேட்பதினும், இக்குடும்பத்தாரோடு கூடி வாழ ஒருப்படுகின்றீரா என்பதையே அவர் ஆராய்வர்.

8. முடிவு

இதுகாறும் கூறியவாற்றால், தனித்திருந்து மோனத்திற் காத்திருப்பார் செய்வது வழிபாடன்று என்று தள்ளுதல் பொருந்தாது. ஃபாக்ஸ் முதலாயினார் ஒளியைக் கண்டது தனிமையிலேயாம். அதுவே போதும் என்று அமைதலும் பொருந்தாது. கண்டது ஒளியோ, தம் நிழலோ என்று தெரிதற்கு அருகே மற்றொருவர் வேண்டும். ஆகலின் அவர்தம் மோனம் வழிபாடேயாம். ஆயினும் மற்றொருவர் வந்து அமர்தற்கு இடம்விட்டுவைத்த வழிபாடாக அஃது இருத்தல் வேண்டும். அங்ஙனம் இடம்விட்டு வைத்தார் தனித்திருந்தும் கூட்டத்தினர் ஆவர். இடம்விடாதார் பலர் நடுவிருப்பினும் தனித்தவரே ஆவர் என்க.